‘நான் இங்கே இருக்கத் தகுதியுள்ளவனா?’ – புதிய ஆய்வு மாணவர்களுக்கான குறிப்பு: உங்கள் கருத்து தேவை

தாமரைக்குளம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கே மொரிஷியஸில் ரெடுயி பல்கலைக்கழக வளாகத்திலும் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலும் புதிதாக முதுகலை, எம்.பில்., பி.எச்.டி. சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறோம். ‘இம்போஸ்டர் சிண்ட்ரோம்’ என்கிறார்களே, அதைப் பற்றியது. தேர்வில் நல்ல மதிப்பெண், நல்ல நெறியாளர், எல்லாம் இருந்தும், ‘தவறுதலாக உள்ளே விட்டுவிட்டார்கள், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும் அந்த நிலை.

ஒரு வேண்டுகோள். ‘தன்னம்பிக்கையோடு இரு’, ‘உன்னை நீ நம்பு’ வேண்டாம். திங்கட்கிழமை காலை உட்கார்ந்து செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம், எத்தனை பக்கம், எங்கே பிசகும் என்பதோடு.

---

அலைவாய்

முதலில் பெயரைச் சரிசெய்துவிடுவோம். 1978இல் அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் இருவரும் இதைப் பற்றி முதலில் எழுதியபோது ‘சிண்ட்ரோம்’ என்று சொல்லவில்லை. ஒரு நிகழ்வு, ஓர் அனுபவம் என்ற பொருளில்தான் பெயரிட்டார்கள். உளநோய்களுக்கான மருத்துவப் பட்டியலில் இது கிடையாது. குறிப்பின் முதல் வரியிலேயே இதைப் போடுங்கள். ‘எனக்கு ஒரு நோய் இருக்கிறது’ என்று பிள்ளைகள் இன்னொரு சுமையைத் தூக்கிக்கொள்ள வேண்டாம்.

எத்தனை பேருக்கு வருகிறது என்று கேட்பார்கள். 2019இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 62 ஆய்வுகளை, 14,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை எடுத்துப் பார்த்தது. ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வோர் அளவுகோலையும் வெட்டுப்புள்ளியையும் வைத்துக்கொண்டதால் விடை 9 சதவீதத்திலிருந்து 82 சதவீதம் வரை அலைந்தது. ஆகவே ‘பத்தில் ஏழு பேருக்கு’ என்று எங்காவது படித்தால் குறிப்பில் சேர்க்காதீர்கள். இன்னொன்றும் அதில் இருக்கிறது: இதற்கென்றே ஒரு சிகிச்சையைச் சோதித்த ஆய்வு எதுவும் அந்தத் தொகுப்பில் அகப்படவில்லை. நாம் இங்கே சொல்லப்போவதெல்லாம் பதற்றத்துக்கான சிந்தனை-நடத்தைச் சிகிச்சையிலிருந்தும், ஆய்வுப் பயிற்சி நடைமுறையிலிருந்தும் எடுத்தவை.

இது எப்படிச் சுழல்கிறது என்பதைப் புரியவைத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வேலை வருகிறது: கருத்தரங்க உரை என்று வையுங்கள். பயம் வருகிறது. பயத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். அளவுக்கு மீறித் தயாரிப்பார்கள், அல்லது கடைசி நாள்வரை தள்ளிப்போட்டுவிட்டு ஓர் இரவில் முடிப்பார்கள். உரை நன்றாகவே போய்விடும். இப்போது மனம் கணக்குப் போடும். அதிகம் தயாரித்தவர், ‘உயிரைக் கொடுத்து உழைத்ததால் தப்பித்தேன், திறமை இருந்தால் இவ்வளவு தேவைப்பட்டிருக்காது’ என்பார். தள்ளிப்போட்டவர், ‘அதிர்ஷ்டம்’ என்பார். இரண்டு கணக்கிலும் ‘எனக்குத் தெரியும்’ என்ற பத்தியில் வரவே விழாது. அதனால்தான் பத்து வெற்றிக்குப் பிறகும் பதினொன்றாவது உரைக்கு அதே நடுக்கம். வெட்ட வேண்டிய இடம் இரண்டு: தயாரிப்பின் அளவு, முடிந்த பிறகு எழுதும் கணக்கு.

---

கரும்புக்காடு

அலைவாய் சொன்ன ‘தயாரிப்பின் அளவு’ பற்றி. நம் ஊர் வழக்கில் சொன்னால், புயலுக்கு ஒன்றாம் எச்சரிக்கை வந்த உடனேயே நான்காம் எச்சரிக்கைக்கான எல்லா ஏற்பாட்டையும் செய்துவிடுவது. வீட்டில் செய்தால் தவறில்லை. ஆய்வில் ஒவ்வொரு வாரமும் செய்தால் ஆள் ஓய்ந்துவிடுவார்.

20 நிமிட உரைக்கு 10 முதல் 12 ஸ்லைடு போதும். மொத்தத் தயாரிப்புக்கு முன்கூட்டியே ஒரு வரம்பு எழுதுங்கள், முதல் தடவைக்கு 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 4 மணி நேரம், வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு. பிசகுவது இங்கேதான்: 12 மணி நேரமும் ஸ்லைடு திருத்துவதில் போய், ஒருமுறைகூட வாயால் சொல்லாமல் மேடை ஏறுவார்கள். தடுமாறும்போது ‘இன்னும் அதிகம் தயாரித்திருக்க வேண்டும்’ என்று தவறான பாடம் கற்பார்கள்.

ஏற்கெனவே 30 மணி நேரம் செலவிடும் பழக்கம் உள்ளவரை ஒரே அடியாக 12க்கு இறக்காதீர்கள். ஒவ்வொரு உரைக்கும் கால் பங்கு குறையுங்கள்: 30, பிறகு 22, பிறகு 17. உரைக்கு முந்தின நாள் ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லுங்கள்: ‘என்ன கெட்டது நடக்கும்? எத்தனை சதவீதம் நிச்சயம்?’ உதாரணம்: ‘முறையியல் பற்றிக் கேட்பார்கள், பதில் தெரியாது, 80 சதவீதம்.’ உரை முடிந்த அன்றே அடியில் எழுத வேண்டும்: உண்மையில் என்ன நடந்தது? மறுநாள் வரை விட்டால் நினைவு பயத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஐந்தாறு துண்டுத்தாள் சேர்ந்தபின் வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும், யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை.

---

நிழல்மரம்

எனக்கு இதில் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. எல்லாவற்றையும் மாணவர் தலைக்குள் நடக்கும் கோளாறாகப் பேசுகிறோம். இந்தத் தீவில் குழந்தை பத்து வயதிலேயே தேசியத் தேர்வு எழுதுகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான சி.பி.இ. போய் 2017இல் அதன் இடத்தில் பி.எஸ்.ஏ.சி. வந்தும் வீட்டில் பேச்சு மாறவில்லை. பள்ளி விட்டதும் ‘லேசோன்’, அதாவது தனிவகுப்பு. மேல்நிலைப் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. முடிந்தால் லோரியாக்களின், அதாவது முதலிடங்களில் வந்து அரசு உதவித்தொகை பெறுபவர்களின், படம் பத்திரிகையில். அந்தப் பட்டியலில் வந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகிறார்கள். ஆக ரெடுயியில் ஆய்வுக்குச் சேரும் பிள்ளை, எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும், ‘மிச்சம் விழுந்தவள்’ என்ற எண்ணத்தோடுதான் வாசலில் நுழைகிறாள். இதை அவள் மனக்குறை என்று சொல்வது நியாயமா?

2021இல் ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி ஆன் புரே இருவரும் இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள்: பெண்களுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, அந்த உணர்வை உண்டாக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள் என்று.

---

அலைவாய்

நிழல்மரம் சொல்வதை ஏற்கிறேன். குறிப்பில் லோரியா விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள், தாமரைக்குளம். ஒரு காரணமும் சேர்த்துச் சொல்லுங்கள்: பள்ளித் தேர்வில் விடை ஏற்கெனவே ஒருவருக்குத் தெரியும், வரிசை எண் கிடைக்கும். ஆய்வில் விடை யாருக்கும் தெரியாது, வரிசை எண்ணும் கிடையாது. பதினைந்து வருடம் எண்ணை வைத்தே தன்னை அளந்து பழகியவருக்கு எண் நின்றுபோனதும் தரையே இல்லாததுபோல் இருக்கும். தகுதி குறைந்ததால் வரும் தடுமாற்றம் என்று அதை எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அளவுகோல் மாறிவிட்டது.

துறை செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நூலக அலமாரியில் அட்டை போட்டு முடித்த ஆய்வேடுகள் மட்டும்தான் இருக்கின்றன, வரைவுகள் இல்லை. மேல்வகுப்பு மாணவர் ஒருவர் தம் இரண்டாம் இயலின் முதல் வரைவையும், நெறியாளரின் சிவப்புக் கோடுகளோடு, முடிந்த வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அரைமணி நேரம் காட்டினால் போதும். 2011இல் கிரெகரி வால்ட்டன், ஜெஃப்ரி கோஹன் வெளியிட்ட சோதனை இதற்கு நெருக்கமானது. ‘முதலாண்டில் இங்கே ஒட்டவில்லை என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது, காலப்போக்கில் குறைகிறது’ என்பதை மூத்த மாணவர்களின் சொற்களில் புதியவர்களுக்குப் படிக்கக் கொடுத்து, அதைப் பற்றி எழுதவும் வைத்தார்கள். மொத்தம் ஒரு மணி நேரம் அளவுதான். கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தது.

---

கோயில்வீதி

எல்லா உறுத்தலும் வெறும் உணர்வு என்று சொல்லிவிடக் கூடாது. சில நேரம் உண்மையிலேயே ஒன்று தெரியாமல் இருக்கும். இரண்டையும் பிரிக்க எளிய வழி: குறையை ஒரு பொருளின் பெயரால் எழுத முடிகிறதா பாருங்கள். ‘லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற புள்ளியியல் முறையின் முடிவைப் படிக்கத் தெரியவில்லை’ என்று எழுத முடிந்தால் அது குறை. யாரிடம் கற்பது, எத்தனை வாரம் என்று பக்கத்தில் எழுதுங்கள், ஆறு வாரத்தில் முடியும். ‘எனக்கு மூளை போதாது’ என்றுதான் எழுத வருகிறது என்றால் அது உறுத்தல். அதற்குப் பாடநூல் வாங்கிப் பயனில்லை.

---

தாமரைக்குளம்

இது மிகவும் உதவும். கோயில்வீதி ஐயா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கேள்விகள் பாக்கி. நெறியாளர் சந்திப்புக்குப் பயந்து பிள்ளைகள் மாதக்கணக்கில் தலைமறைவாகிவிடுகிறார்கள், அதற்கு என்ன செய்வது? அடுத்து, மொழி. வீட்டில் கிரியோல், படிப்பது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும், எழுதுவது ஆங்கிலத்தில். ‘எனக்கு எழுத வரவில்லை’ என்பதே இவர்களுக்குத் தகுதியின்மையின் சான்றாகிவிடுகிறது.

---

பனிமலர்

நெறியாளர் விஷயம் என்னிடம் விடுங்கள் அக்கா. இதில் ஒரே ஒரு தாள் நிறைய மாற்றும்.

சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பக்கம் அனுப்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் நான்கு பகுதி. சென்ற முறை என்ன முடிவானது (இரண்டு வரி). அதில் எது முடிந்தது, எது முடியவில்லை (நான்கைந்து வரி, காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்காமல்). எங்கே சிக்கியிருக்கிறது, அதை அவிழ்க்க என்ன இரண்டு முயற்சி செய்தாயிற்று. கடைசியாக, இன்று நெறியாளரிடமிருந்து என்ன முடிவு வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் உயிர்நாடி. ‘என் வேலை எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை, தொடருங்கள்’ என்று பதில் வரும். அந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு மாணவர் மூன்று இரவு தூங்கமாட்டார். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: ‘இந்த இயல் இப்படியே எம்.பில்.லிலிருந்து பி.எச்.டி.க்கு மாறும் அறிக்கைக்குப் போதுமா? போதாதென்றால் குறைவது எது: தரவா, வாதமா, எழுத்தா?’ இதற்குப் ‘பரவாயில்லை’ என்று யாரும் பதில் சொல்ல முடியாது.

சந்திப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் ஐந்தாறு வரி மெயில்: ‘இன்று நாம் முடிவு செய்தவை இவை, அடுத்த தேதி இது.’ இது இல்லாவிட்டால், சந்திப்பில் நெறியாளர் சொன்ன பத்து விஷயத்தில் ஒரே ஒரு கண்டனம் மட்டும் நினைவில் நின்று மற்ற ஒன்பதும் கரைந்துவிடும்.

திருத்தங்களோடு வரைவு திரும்பி வரும்போது அன்றே எதையும் மாற்ற வேண்டாம். மறுநாள் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். க: கட்டாயம் திருத்த வேண்டியது (தவறான தரவு, விடுபட்ட மேற்கோள்). வ: வாதிடலாம். ந: நெறியாளரின் நடை விருப்பம். பு: புரியவில்லை. 40 குறிப்பு இருந்தால், எல்லாமே கண்டனமாகத் தோன்றிய இடத்தில், க எத்தனை என்று எண்ணினால் சிறிய எண்ணாகத்தான் இருக்கும். பு என்று போட்டதை அடுத்த சந்திப்பின் தாளில் கேளுங்கள். பிசகும் இடம்: புரியாததை ஊகித்துத் திருத்துவது. அது இரண்டு வாரத்தைத் தின்னும்.

நெறியாளர் பதில் போடாமல் இருந்தால் ‘என் வரைவு அவ்வளவு மோசம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் படிக்கவே நேரமிருந்திருக்காது. பத்து வேலைநாள் கழித்து ஒரு வரி நினைவூட்டல் அனுப்புங்கள், அதில் கேள்வியை மறுபடி எழுதுங்கள்.

தலைமறைவானவர்களுக்கு: இயல் முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்லாதீர்கள். ஐந்து பக்கம், முடியாத இடங்களில் சதுர அடைப்புக்குள் ‘[இங்கே 1840களின் எண்ணிக்கை வர வேண்டும்]’ என்று விட்டு, மேலே மூன்று கேள்வி எழுதி அனுப்பட்டும். அடைப்புக்குறி இருப்பதால் அரைகுறையாக அனுப்புகிறோம் என்ற கூச்சமும் குறையும்.

---

கரும்புக்காடு

மொழிக்கு: எழுத வராத பத்தியை முதலில் போனில் கிரியோலில் பேசிப் பதிவு செய்யுங்கள். ஐந்து நிமிடம், ஆய்வு பற்றி ஒன்றும் தெரியாத மாமாவிடம் சொல்வதுபோல. பிறகு கேட்டு ஆங்கிலத்தில் வரி வரியாக எழுதுங்கள். கிரியோலில் தெளிவாகச் சொல்ல முடிந்தால் சிந்தனை சரியாக இருக்கிறது, ஆங்கிலம்தான் தடை, அதற்கு மொழித்திருத்தம் போதும். கிரியோலிலும் குழம்பினால் வாதம் இன்னும் முதிரவில்லை, மறுபடி படிக்கப் போகலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தங்களைத் தாங்களே தண்டித்துக்கொள்கிறார்கள்.

மூன்று நெடுவரிசை போட்ட நோட்டு ஒன்றும் வைத்துக்கொள்ளட்டும்: ஆங்கிலச் சொல், பிரெஞ்சுச் சொல், தமிழில் பொருள். வாரம் பத்துச் சொல்.

---

நிழல்மரம்

மொழி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. இவர்கள் தங்களிடம் இருப்பதை இல்லாததாக எண்ணிக்கொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது.

மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஒப்பந்தக் கூலிகளின் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தவை இந்த ஆவணங்கள். பெயர்களை எழுதியவர்கள் தமிழ் தெரியாத எழுத்தர்கள், காதில் விழுந்ததை எழுதினார்கள். அந்த எழுத்துக்கூட்டல் இன்றும் நம் குடும்பப் பெயர்களில் அப்படியே இருக்கிறது. ‘கனபாடி’ என்று கிடப்பது கணபதி. ‘அர்னாசெலம்’ அருணாசலம். தமிழ் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளை இதை ஒரு நொடியில் படித்துவிடுகிறாள். வேறோர் ஆய்வாளர் ‘கனபாடி’யையும் ‘கணபதி’யையும் இரண்டு பெயராக எண்ணி அட்டவணையே போட்டுவிடலாம். ஆனால் அவளிடம் கேட்டால், ‘அதில் என்ன இருக்கிறது, எல்லோருக்கும் தெரியுமே’ என்பாள். எளிதாக வருவதால் திறமையென்று கணக்கில் வருவதில்லை. அவள் முறையியல் இயலில் ‘பெயர்த் திரிபுகளை எப்படி இணைத்தேன்’ என்று இரண்டு பக்கம், விதிகளோடும் இருபது எடுத்துக்காட்டோடும் எழுத வேண்டும். எழுதியபின் அது புறத்தேர்வாளர் பாராட்டும் பகுதியாகலாம். எழுதாவிட்டால் அவளுக்கே தெரியாது.

தமிழில் முனைவர் பட்டம் செய்யத் தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பேச்சுத் தமிழ் தடுமாறுவதை ஆய்வுத் தகுதியோடு முடிச்சுப் போட வேண்டாம். தினமும் 20 நிமிடம் விளக்கவுரையோடு சேர்த்துச் செய்யுளை வாய்விட்டுப் படித்தால் தடுமாற்றம் தானாகக் குறையும்.

---

அலைவாய்

நிழல்மரம் சொன்னதிலிருந்து, முன்பு நான் சொன்ன ‘முடிந்த பிறகு எழுதும் கணக்கு’க்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம். நான்கு நெடுவரிசை: தேதி, வேலை, நான் செய்தது, சான்று. ‘நான் செய்தது’ என்ற நெடுவரிசையில் வினைச்சொல் மட்டும். ‘நல்ல வாரம்’ கூடாது, ‘120 பதிவுகளை எழுதி முடித்தேன்’, ‘மூன்று கட்டுரையை முழுதாகப் படித்துக் குறிப்பெடுத்தேன்’ என்று வர வேண்டும். சான்று என்பது கோப்பின் பெயரோ, மெயிலின் தேதியோ. ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதத் தோன்றினால் எழுதட்டும், ஆனால் கூடவே ஒரு வரி: அந்த அதிர்ஷ்டம் பயன்பட நான் முன்பே செய்து வைத்தது என்ன?

பிசகு இரண்டு. வெளியான கட்டுரை, பரிசு மட்டும் எழுதுபவருக்கு எட்டு மாதம் வெற்றுப் பக்கமாக இருக்கும், அதுவே புதிய உறுத்தலாகிவிடும். மற்றது, நண்பரின் ஏட்டோடு ஒப்பிடுவது. இதை யாருக்கும் காட்ட வேண்டாம்.

முன்னேற்றத்தை அளக்க விரும்பினால் கிளான்ஸின் அளவுகோல் உண்டு: 20 கூற்று, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. 40 வரை குறைவு, 41–60 நடுத்தரம், 61–80 அடிக்கடி, 80க்கு மேல் தீவிரம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போதும். அது உணர்வை அளக்கிறது, திறமையை அளப்பதில்லை என்று அடியில் எழுதிவிடுங்கள்.

---

கோயில்வீதி

கருத்தரங்கில் கேள்வி நேரத்துக்குச் சில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளட்டும். கேள்வியை முதலில் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும்: ‘நீங்கள் கேட்பது மாதிரி அளவு பற்றியா?’ ஐந்து நொடி கிடைக்கும், தவறான கேள்விக்குப் பதில் சொல்வதும் தவிரும். பதில் தெரியாதபோது: ‘என் தரவு இதைக் காட்டாது. காட்ட வேண்டுமென்றால் 1850க்கு முந்திய பதிவுகளை எடுக்க வேண்டும்.’ அதாவது தெரியாததோடு நிறுத்தாமல், தெரிந்துகொள்ளும் வழியைச் சொல்வது. ‘மன்னிக்கவும், நான் இன்னும் மாணவிதான்’ என்று தொடங்கவே கூடாது.

---

பனிமலர்

இதழிலிருந்து நிராகரிப்பு வந்தால் 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருக்கலாம். பிறகு மதிப்பீட்டாளர் கருத்தை ஒரு அட்டவணையாக்கி, எதிரே மாற்றம், பக்க எண். ‘திருத்தி அனுப்புக’ என்பதையும் நிராகரிப்பு என்று படித்துவிட்டு ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. நெறியாளரிடம் காட்டிய பிறகே முடிவு எடுக்கட்டும்.

---

தாமரைக்குளம்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. இந்தத் தாளும் ஏடும் போதாத நிலை எது என்று குறிப்பில் எப்படி எழுதுவது? பயமுறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

---

அலைவாய்

நேராகவே எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தூக்கம் கெட்டிருந்தால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாவிட்டால், சாப்பாடு வெகுவாகக் குறைந்தோ கூடியோ இருந்தால், இது இம்போஸ்டர் விவகாரம் என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளக் கூடாது. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதார மையத்தில் தொடங்கினால் உளவியலாளரிடம் அனுப்பிவைப்பார்கள். செத்துவிடலாமா என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும், தனியாக இருக்கக் கூடாது. அவசரத்துக்கு சாமு என்ற அவசர மருத்துவச் சேவை: 114. இந்த எண்ணைக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில் போட்டால் தேவைப்படுகிறவர் அதுவரை வந்திருக்க மாட்டார்.